தொடக் கூடாத பொத்தான்

ஜன்னலோரமா நகந்து உக்காருங்க சார். அந்தக் கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கிருங்க. முந்தல் தாண்டிட்டா வளைவு ஆரம்பிச்சுரும், புது ஆளுக அசந்து உக்காந்து மண்டைய இடிச்சுக்குவாங்க. எந்த ஊரு நீங்க? ஓகோ, சரி சரி. எனக்கு ஒரு ஒத்தாசை செய்யுங்க. ரோட்டோரமா வெள்ளிக் கலர்ல ஒரு காரு நிக்குதான்னு பாத்துக்கிட்டே வாங்க. முன்னாடி ஒத்த மாலை போட்டிருக்கும். எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. நின்னா ஒரு குரல் குடுங்க. நிக்கும் சார். கண்டிப்பா நிக்கும்.

யாரு காரா? என் சகலை காரு. என் பொண்டாட்டி கூடப்பொறந்த தங்கச்சி இருக்கால்ல, செல்லக்கிளி, அவ புருசன். தங்கமாயன்னு பேரு. அந்தக் காருக்குள்ள என் மக இருக்கா, என் பொண்டாட்டி இருக்கா, மூணு மாசத்துப் பேத்தி இருக்கா. பெத்தவன் நான் பஸ்ஸுல வர்றேன். எனக்கு ரிட்டயர்டு டிரைவர் பாஸு இருக்கு, டிக்கெட்டு கிடையாது. அந்த ஒரு மரியாத மிச்சம் இருக்கு.

ஆமா சார், டிரைவர்தான். ஜக்கையன்னு தேனி டிப்போவுல கேட்டுப் பாருங்க. இதே மலை, இதே ரோடு, முப்பது வருசம். பதினேழு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் என் கை எங்க திரும்பணும்னு அதுக்கே தெரியும், நான் சொல்லத் தேவையில்ல. ஏ தம்பி! மாத்து, மாத்து! வண்டி முனகுது பாரு. மூணாம் கியர்லயே எவ்வளவு நேரம் இழுப்ப? ... டிரைவரோட பேசக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கா? அது உங்களுக்கு சார், எனக்கு இல்ல.

எங்க விட்டேன்? ஆங், தங்கமாயன். சொசைட்டியில உரமூட்டைய எடை போட்டுக் குடுத்துக்கிட்டிருந்த ஆளு. பொறந்ததுல இருந்து சைக்கிளத் தவிர ஒண்ண ஓட்டுனதில்ல. அவன் மகன் பெங்களூர்ல வேலை பாக்குறான். அவன் புதுக் காரு வாங்கிக்கிட்டு, பழசக் கொண்டாந்து அப்பன் வாசல்ல நிறுத்திட்டுப் போயிட்டான். ஆட்டோமேட்டிக்கு. கிளச்சே கிடையாது. கியரு தானா மாறிக்கிரும். கீழ ரெண்டே மிதி, ஒண்ணு போகுறதுக்கு, ஒண்ணு நிக்கிறதுக்கு. இடது காலுக்கு வேலையே இல்ல, பாட்டுக் கேட்டுக்கிட்டே ஆட்டிக்கிட்டு இருக்கலாம். அதுக்குப் பேரு காரா சார்? பொருட்காட்சியில புள்ளைக முட்டி விளையாடுமே, அந்தக் காருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஆனா ஊரு அப்பிடிப் பாக்கல. வீடும் அப்பிடிப் பாக்கல. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

முன்னெல்லாம் என் மாமனார் வீட்டுல கறி எடுத்தா, "டிரைவர் மாப்ள வந்தாச்சா?"ன்னு கேட்டுட்டுத்தான் இலை போடுவாங்க. நல்லி எலும்பு இருக்குல்ல, அது எனக்குத்தான். எனக்கு வச்சது போகத்தான் மத்த ஆளுக்கு. மூத்த மாப்பிள்ளைங்கிறதுக்கு மட்டும் இல்ல சார், மலையேத்துற கைக்கு. இவன் காரு வந்த பிறகு ஒரு கெடாவெட்டு. பந்தியில உக்காந்திருக்கேன். வாளி எனக்கு நேரா வருது, கரண்டியில நல்லி இருக்கு, நான் கண்ணால பாக்குறேன். பரிமாறுறவன் அப்பிடியே என்னத் தாண்டிப் போயி, "கார்க்கார மாப்ளைக்கு வைங்கப்பா"ங்கிறான். அது போயி அவன் இலையில விழுந்துச்சு. அவன் என்ன செஞ்சான் தெரியுமா? அதை எடுத்து என் இலையில வச்சான். "அண்ணே, உங்களுக்குத்தான் பிடிக்கும், சாப்பிடுங்க"ங்கிறான். எப்பிடி இருக்கும் எனக்கு? அவன் இலையில விழுந்தத நான் உறியணுமா? அப்பிடியே வச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

எலும்பு போகட்டும் சார், கழுதை. மக விசயம் அப்பிடி இல்ல.

தாரணின்னு பேரு. ஒத்தப் பொண்ணு. சித்தப்பா சித்தப்பான்னு அவனையே சுத்தும். சின்னதுல அவன்தான் சைக்கிள்ல வச்சுப் பள்ளிக்கூடத்துல விட்டான். நான் எங்க விடுறது? விடிய எந்திரிச்சுக் கிளம்புனா மலை. தீபாவளின்னா ஸ்பெசல் வண்டி, பொங்கல்னா ஸ்பெசல் வண்டி. ஊரெல்லாம் பிள்ளை குட்டியோட போகுறதுக்கு நான் ஓட்டணும். பள்ளிக்கூட விழாவுல அவ கப்பு வாங்குன போட்டோ வீட்டுல மாட்டிருக்கு, அதுல பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறது தங்கமாயன். வர்றவங்க எல்லாம், "இவருதான் அப்பாவா?"ன்னு கேப்பாங்க. நான் அந்தப் போட்டோவ ரெண்டு தடவ கழட்டி வச்சேன். அவ ரெண்டு தடவையும் திரும்ப மாட்டிட்டா.

பாத்தீங்களா, முதல் வளைவு. காரு தெரியுதா? இல்லையா? சரி, இங்க நிக்காது. இன்னும் ஏத்தம் வரட்டும்.

அந்தக் காரை நானும் ஒருக்கா ஓட்டிப் பாத்தேன் சார். ஏன் ஓட்டுனோம்னு ஆயிப்போச்சு. எனக்கு ஆசையெல்லாம் இல்ல. வீட்டுல பொம்பளைக, "நீங்கதான் பெரிய டிரைவராச்சே, ஒரு ரவுண்டு ஓட்டுங்களேன்"னு கேட்டாளுக. சரின்னு உக்காந்தேன். மில்லுல மாவரைச்சுட்டு வரப் போனோம். திரும்பி வரயில பக்கத்துல என் கொழுந்தியா செல்லக்கிளி, மடியில மாவுத்தூக்கு. பின்னால தங்கமாயனும் என் வீட்டுக்காரி நாகரத்தினமும். வண்டி வழுக்கிக்கிட்டுப் போகுது. நல்லாத்தான் போகுது. டிப்போ வாசல் வருது. அங்க டீக்கடையில நம்ம பழைய சேக்காளிக எல்லாம் உக்காந்திருக்கான். ஒரு ஆட்டோக்காரன் குறுக்க திரும்புறான். முப்பது வருசத்துக் காலு சார், அதுகிட்ட நான் என்னத்தச் சொல்ல? இடது காலு தானாப் போயி கிளச்ச மிதிச்சுச்சு. முழு மிதி. அங்க கிளச்சு எங்க இருக்கு? அந்தக் கழுதை அகலமா ஒரு பிரேக்க வச்சிருக்கான் அந்த இடத்துல!

வண்டி ஆணி அடிச்ச மாதிரி நின்னுபோச்சு. மாவுத்தூக்கு பறந்து கண்ணாடியில அடிச்சு, செல்லக்கிளி மூஞ்சியெல்லாம் இட்லிமாவு. நாகரத்தினம் "அய்யோ கொல்றாரே"ன்னு கத்துறா. டீக்கடையில இருந்து என் பழைய கண்டக்டரு எந்திரிச்சு வந்து, வாயில விரல வச்சு டபுள் விசில் குடுத்தான் சார். "போலாம் ரைட்!"னு. அத்தன பேரும் சிரிக்கிறான். தங்கமாயன் சிரிக்கல. அவன் சிரிச்சிருந்தாக்கூட நான் பொறுத்திருப்பேன். மெல்ல இறங்கி வந்து கதவத் திறந்து, "பழகாத வண்டிண்ணே, யாருக்கும் வர்றதுதான். நான் எடுக்கவா?"ன்னான். சின்னப் புள்ளைய ஆத்துற மாதிரி. அன்னையில இருந்து நான் பின் சீட்டு.

தம்பி, ஹாரன் அடி! ஹாரன் அடிக்காமத் திரும்புற, மேல இருந்து ஜீப்பு வந்தா என்ன செய்வ? ... பாருங்க, கையக் காட்டுறான். போடான்னு கையக் காட்டுறான்.

அப்புறம் வளைகாப்புக்கு மகளக் கூட்டிட்டு வரப் போனோம். மலை உச்சி மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் கட்டிக் குடுத்திருக்கு, ஏலத்தோட்டத்துல மருமகன் சூப்பர்வைசரு. அன்னைக்குத்தான் நான் வயிறாரச் சந்தோசப்பட்டேன். சமதரையில பொண்ணு மாதிரிப் போன காரு, மலையில ஏறத் தெரியாம முழிக்குது. கொஞ்சம் ஏறும், கியரு தானா மேல மாத்தும், இழுக்கத் தெம்பில்லாமச் சோந்துபோகும். உடனே கீழ மாத்தும், உர்ருன்னு கத்தும். மறுபடி மேல, மறுபடி சோந்து, மறுபடி உர்ரு. வழியெல்லாம் இதே கூத்து. இறங்கும்போது அதுக்கு மேல. வண்டி பிடிமானம் இல்லாம உருண்டு ஓடுது, இவன் பிரேக்க விட்டுக் காலையே எடுக்கல. பிரேக்கு கருகுற வாசம் உள்ள வருது. எனக்கு அது மல்லிகப்பூ வாசம் மாதிரி இருந்துச்சு சார். வயித்துப் புள்ளையோட மக வாந்தி எடுத்துக்கிட்டு வர்றா. அது கஷ்டமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் மனசுக்குள்ள, "இப்பத் தெரியுதாத்தா, ஓட்டுறதுன்னா என்னன்னு?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தேன். இறங்குனதும் அவ என்ன சொன்னாங்கிறீங்க? "பாவம் சித்தப்பா, ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாரு"ங்கிறா!

அந்தப் பயணத்துலதான் பொத்தானப் பாத்தேன். கியரு தண்டு இருக்குல்ல, அது பக்கவாட்டுல கட்டைவிரல் படுற இடத்துல சின்னதா ஒரு பொத்தான். இது எதுக்குன்னு சும்மா கைய நீட்டுனேன். தங்கமாயன் பதறிப்போயிட்டான். "அண்ணே! அதை மட்டும் தொட்டுராதீங்க. ஓவர்டிரைவாம். அதைத் தட்டிவிட்டா மஞ்ச லைட்டு எரியும், மேல் கியரு விழாது, வண்டி திணறும், பெட்ரோலாக் குடிக்கும்னு பையன் சொல்லிருக்கான். ஓட்டிப் பழகுன நாள்ல இருந்து நான் அது பக்கம் கையே கொண்டுபோனதில்ல"ன்னான். கைய எடுத்துக்கிட்டேன். மனசுல மட்டும் வச்சுக்கிட்டேன்.

மூணாவது வளைவா இது? நாலாவதா? நிக்கலையா? நல்லாப் பாத்தீங்களா சார்? அந்த மரத்துக்குப் பின்னால? இல்ல. சரி.

இன்னைக்கு விசயத்துக்கு வர்றேன். புள்ளை பொறந்து மூணு மாசம் ஆச்சு, தாயையும் புள்ளையையும் புருசன் வீட்டுல கொண்டுபோய் விடணும். எங்க வழக்கம் என்னன்னா, அம்மா வழித் தாத்தன் மடியில வச்சுக் கொண்டுபோகணும். வாசல்ல சம்பந்தியம்மா ஆரத்தி எடுத்ததும் தாத்தன் கையால புள்ளையக் குடுக்கணும். அது எனக்கு உள்ள பாத்தியதை. இந்தத் தடவையாவது வாடகைக்கு ஒரு வண்டி பிடிச்சு நானே ஓட்டிட்டுப் போறேன்னேன். நாலு மிதி உள்ள வண்டியாப் பாத்துப் பிடிக்கிறேன்னு சொன்னேன். ஆமா, மூணு மிதிதான், கோவத்துல நாலுன்னு வந்துருச்சு. மக என்ன சொன்னா? "எதுக்குப்பா வீண் செலவு, சித்தப்பா காரு இருக்கே. நீங்க பாப்பாவ வச்சுக்கிட்டு நிம்மதியா உக்காந்து வாங்க"ன்னா. நிம்மதியா உக்காரணுமாம். நான் என்ன கோழிக்கூண்டா, உக்கார வச்சுக் கொண்டுபோக?

காலையில பாத்தா காரு முழுக்கச் சாமான். தொட்டிலு, பித்தளைக் குண்டான், பலகாரக் கூடை, எல்லாம் பின் சீட்டுல பாதிய அடைச்சிருச்சு. மீதியில மகளும் பொண்டாட்டியும். முன்னால செல்லக்கிளி, அவளுக்குப் பின்னால உக்காந்தா குமட்டும். எனக்கு எங்க இடம்? தங்கமாயன் சொன்னான், "அண்ணே, நீங்க முன்னால வாங்க. செல்லக்கிளி பஸ்ஸுல வரட்டும்"ன்னு. அவளும் "நான் பஸ்ஸுல வர்றேன் மாமா, நீங்க உக்காருங்க"ன்னு இறங்கிட்டா. என் மக "அப்பா, வாங்கப்பா"ங்கிறா. எல்லாரும் ஆளாளுக்கு எனக்கு இடம் போடுறாங்களாம். பிச்சை போடுற மாதிரி. அவன் காருல, அவன் பக்கத்துல, அவன் சொல்லி நான் உக்காரணுமா? "எனக்குப் பாஸு இருக்கு, நான் பஸ்ஸுலயே வர்றேன், நீங்க போங்க"ன்னுட்டேன்.

ஆனா சும்மா விடல சார். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க வழிப்போக்கரு.

பாப்பாவுக்குச் சூடா இருக்கும்னு முன்னாடியே இஞ்சின ஓட விட்டு ஏசியப் போட்டுட்டு, தங்கமாயன் இறங்கி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சுக்கிட்டிருந்தான். பொம்பளைக எல்லாம் சூடம் காட்டுறதுல இருந்தாளுக. நான் பாப்பா பையை வைக்கிற மாதிரி முன் கதவத் திறந்து குனிஞ்சேன். கட்டைவிரலால ஒரு தட்டு. அம்புட்டுத்தான். மஞ்ச லைட்டு எரிஞ்சுச்சு. கதவச் சாத்திட்டு வந்துட்டேன்.

என்ன சார் அப்பிடிப் பாக்குறீங்க? வெடிகுண்டா வச்சேன்? வண்டி திணறும். ஏத்தத்துல முடியாம ஓரமா நிக்கும். பொம்பளைக இறங்கி ரோட்டுல நிப்பாளுக. இவன் பானட்டத் திறந்து வச்சுக்கிட்டு ஒண்ணும் புரியாம முழிப்பான். அந்த நேரத்துக்கு என் பஸ்ஸு வரும். நான் இறங்குவேன். "என்ன தங்கமாயா, மலை ஏறலையா?"ன்னு கேப்பேன். உள்ள உக்காந்து பொத்தான ஒரு தட்டுத் தட்டிட்டு, நானே ஓட்டிட்டுப் போயி மகளையும் பேத்தியையும் வாசல்ல இறக்குவேன். இடது காலத் துண்டால கட்டிக்கிட்டாவது ஓட்டுவேன். என் மக பாக்கணும் சார். யாரு டிரைவருன்னு அவ ஒருக்காவாவது பாக்கணும். இதுல என்ன தப்பு?

ஆறு வளைவு தாண்டிருச்சு. இந்நேரம் நின்னிருக்கணுமே.

பனி இறங்குது பாத்தீங்களா. இந்த இடத்துல எப்பவுமே இப்பிடித்தான், வெயில் அடிச்சுக்கிட்டே இருக்கும், திடீர்னு எதுக்க வர்றவன் தெரிய மாட்டான். தம்பி, லைட்டப் போடு. மஞ்ச லைட்டப் போடு. ... அந்தக் காருக்குப் பனி லைட்டு உண்டான்னு தெரியலையே. நான் பாக்கலையே.

திணறுறதுன்னா ஓரமாத்தானே நிக்கும்? வளைவு நடுவுல நிக்காதுல்ல? நான் ஓட்டுனா எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா? உரம் எடை போட்டவன் சார் அவன். வளைவுல நின்னு, பின்னால உருண்டு ... இந்தப் பக்கம் சுவரு கட்டிருக்கா? இங்க கட்டிருக்கு. அடுத்ததுல கல்லுதான் நட்டிருக்கு, எனக்குத் தெரியும். மேல இருந்து ஏலக்கா ஜீப்புக்காரன் எவன் வந்தாலும் கண்ணு மண்ணு தெரியாம வருவான். பச்சைப்புள்ள சார் உள்ள. தலை நிக்கல இன்னும். நேத்துத்தான் என்னப் பாத்து முதமுதல்ல சிரிச்சா.

போனப் போட்டா போக மாட்டேங்குது. மலையில சிக்னல் கிடையாது. உங்களுதுல இருக்கா? அதுலயும் இல்லையா.

நான் கீழேயே சொல்லிருக்கலாம். கிளம்புறப்ப ஓடிப் போயி, "நில்லு, நில்லு"ன்னு கதவத் தட்டிருக்கலாம். அவன் பின்னால கையக் காட்டிட்டுப் போறான், மக பாப்பா கையப் பிடிச்சு எனக்கு டாட்டா காட்டுறா, நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். என்ன மனுசன் நான். அவன் மேல எனக்கு இருக்குற காந்தல், அதுக்குப் புள்ளையத்தான் ஏத்தி விடணுமா? தம்பி, கொஞ்சம் மிதிச்சுப் போப்பா. ஆமா, நான்தான் சொல்றேன். போப்பா, புண்ணியமாப் போகும். உங்களுக்கு என்ன தெரியுது சார்? வெள்ளிக் கலர்ல எதுவும்? கீழ எட்டிப் பாருங்க, பள்ளத்துல. பாருங்க சார், எனக்குப் பாக்க முடியல.

ஒண்ணும் இல்லையா? நிசமா ஒண்ணும் இல்லையா?

இந்தா, மேடு வந்துருச்சு. செக்போஸ்ட்டு தெரியுது. இனிமே சிக்னல் ... அடிக்குது! அடிக்குது சார், என் போனு. எங்க வச்சேன், இந்தப் பையில ... அலோ! அலோ, தாயி! எங்கத்தா இருக்கீங்க? ... வந்தாச்சா? எப்ப? ... பாப்பா? பாப்பாவச் சொல்லு முதல்ல. ... தூங்குறாளா? ... சரித்தா. ஒண்ணும் இல்ல, சளி, மூக்கடைப்பு. ... என்னது? என்ன லைட்டு? ... யாரு? நானா? ... ம். ... ம். ... சரி, இந்தா வந்துட்டேன், பஸ்ஸு செக்போஸ்ட்டுலதான் நிக்கிது. வைத்தா.

இருங்க சார். கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்.

எல்லாரும் நல்லா இருக்காங்க. ஏத்தத்துல காரு எங்கயும் நிக்கவே இல்லையாம். போன தடவை மாதிரி உர்ரு உர்ருன்னு மாத்தி மாத்தி இழுக்காம, ஒரே சீரா ஏறுச்சாம். செல்லக்கிளிக்குக்கூடக் குமட்டலையாம். பாப்பா கண்ணே முழிக்கலையாம். அடிவாரத்துலயே தங்கமாயன் மஞ்ச லைட்டப் பாத்துட்டு, பயந்துபோயி ஓரங்கட்டி, மகனுக்குப் போன் போட்டிருக்கான். அந்தப் பய சொல்றானாம், "அப்பா, நான் தொடாதீங்கன்னு சொன்னது ஊருக்குள்ள ஓட்டுறதுக்கு. மலை ஏறயில அதை அமுக்கித்தான் வைக்கணும். மேல் கியருக்குப் போக விடாம வண்டியப் பிடிச்சுக்கிரும். உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன். இத யாருப்பா செஞ்சது?"ன்னு. தங்கமாயன் எல்லார்கிட்டயும் கேட்டானாம். என் மக சொல்லிருக்கா, "அப்பா. எங்கப்பாதான். பையை வைக்கிற மாதிரி குனிஞ்சு அமுக்குனாரு, நான் பாத்தேன்"ன்னு.

பாத்திருக்கா சார். பாத்துட்டுத்தான் டாட்டா காட்டிருக்கா.

"சித்தப்பாவுக்குத் தெரியலைன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னா அவரு மனசு சங்கடப்படும்னு, சொல்லாம அமுக்கி வச்சீங்களாப்பா? மலைன்னா எங்கப்பாவுக்குத் தெரியாததா"ன்னு கேக்குறா. இப்ப, போன்ல. அழுகிற மாதிரி இருக்கு அவ குரலு. நான் ம், ம்னேன். வேற என்ன சொல்லச் சொல்றீங்க?

மேல் கியரு விழாது. அவன் அன்னைக்கே சொன்னான் சார், என் காதுல சொன்னான், மேல் கியரு விழாதுன்னு. மலையில எவன் மேல் கியர்ல ஏறுவான்? முப்பது வருசம் நான் ஏறிருக்கேனா? கீழ் கியர்ல பிடிச்சுத்தானே ஏறுவேன், அதே கியர்லதானே இறங்குவேன்? இந்தா, இந்தத் தம்பி செய்யுறதும் அதுதானே? எனக்கு இது தோணவே இல்லையே. திணறும்னு சொன்னது மட்டும்தான் காதுல விழுந்துச்சு. அவன் நல்லியத் தின்னதையே நினைச்சுக்கிட்டு இருந்தவனுக்கு என்ன தோணும்? அவன் தின்னக்கூட இல்ல, அதையும் சொல்லணும்.

இன்னும் கேளுங்க. அங்க வாசல்ல ஆரத்தித் தட்டோட நிக்கிறாங்களாம், மக இறங்கலையாம். தங்கமாயன் காரை வீட்டு கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டு, "எங்க அண்ணன் வந்து கையில வாங்காம பிள்ளை வாசப்படி ஏறாது. பஸ்ஸு வர்ற வரைக்கும் இருங்க"ன்னு சம்பந்திகிட்டச் சொல்லிட்டானாம். சம்பந்தி, "என்ன ஒரு தம்பி, என்ன ஒரு தம்பி"ன்னு உருகிப்போயிட்டாராம். பாத்தீங்களா? அதுலயும் பேரு அவனுக்குத்தான்! எனக்கு ஒரு மரியாத வருதுன்னா, அதையும் அவன்தான் வாங்கிக் குடுக்கணும். விட மாட்டேங்குறான் சார். மனுசன எங்கயும் ஜெயிக்க விட மாட்டேங்குறான்.

சாயங்காலம் இறங்குறப்ப நான்தான் முன் சீட்டாம். "அண்ணே பக்கத்துல உக்காந்து சொன்னாத்தான் நான் வண்டிய எடுப்பேன், இறங்குறதுக்கும் அமுக்கணுமா, எடுக்கணுமான்னு அவருதான் சொல்லணும்"ங்கிறானாம். அமுக்கியேதான் இருக்கணும், ஏறுன கியர்லதான் இறங்கணும். அது எனக்குத் தெரியும். அதுமட்டும் நிசமாவே தெரியும் சார். செல்லக்கிளி பின்னால உக்காந்துக்கிருவாளாம்.

தம்பி, அந்த வெள்ளிக் காருகிட்ட நிறுத்துப்பா. ஸ்டாப்பு இல்லைன்னு தெரியும், ஜக்கையனுக்காக ஒரு தடவ. நல்லா ஓட்டுன தம்பி. நிசமாத்தான் சொல்றேன், நல்லா ஓட்டுன.

அந்தா, கார்ல இருந்து கையக் காட்டுறா பாருங்க. மஞ்சச் சேலை, அதுதான் என் மக. பக்கத்துல வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வர்றான்ல, அவன்தான். என் பையை வாங்க ஓடி வர்றான். கண்ணெல்லாம் சரியா இருக்கா சார் எனக்கு? சிவந்திருக்கா? பனின்னு சொல்லிக்கிறேன்.

நீங்க மூணாறு வரைக்கும்தானே போறீங்க? ஆமா, எந்த ஊருன்னு சொன்னீங்க? தூத்துக்குடியா. இந்தப் பக்கம் சொந்தபந்தம் யாரும் இல்லைல?

நல்லது சார். ரொம்ப நல்லது.